எடை இறங்காமல் இறங்கும் தொப்பை

கோவையில் ஒரு மாடிவீட்டின் முன்னறையில் தொழில் நடத்தும் அந்த உணவு ஆலோசகரிடம் வருகிறவர்களில் பலரைத் தெருவில் பார்த்தால் யாரும் குண்டு என்று சொல்ல மாட்டார்கள். கை கால் மெலிந்திருக்கும், கழுத்தெலும்பு தெரியும். தோளுக்குச் சரியாக இருக்கும் சட்டை வயிற்றுக்கு வந்ததும் இழுத்துப் பிடிக்கும், கீழ்ப் பொத்தான் இரண்டுக்கும் நடுவே துணி வாய் பிளக்கும். நாற்பது வயதைத் தொட்ட ஆண்கள்தான் அதிகம். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வரும் பெண்களும், மாதவிடாய் நின்ற பிறகு வரும் பெண்களும் அடுத்து. கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி.

“கன்னமெல்லாம் ஏற்கெனவே ஒட்டிப் போச்சுங் மேடம். இதுக்கு மேல எடை இறங்கினா, சுகர் வந்துருச்சான்னு ஊர்ல கேப்பாங்க. தொப்பை மட்டும் போனாப் போதுமுங்.”

இந்தக் கேள்வியை அவர் மிகவும் மதிக்கிறார். எடையைக் குறைக்க வேண்டும் என்று வருகிறவரைவிட, எடை வேண்டாம் தொப்பை மட்டும் என்று சொல்பவர் தன் உடம்பைச் சரியாகப் படித்திருக்கிறார் என்பது அவர் கருத்து. ஆனால் அந்த விருப்பத்தை நிறைவேற்றும் வழி, கேட்பவர் எதிர்பார்க்கும் வழியாக இருப்பதில்லை. வயிற்றுப் பயிற்சி நாலு சொல்லுவார், ஒரு கஷாயம் எழுதித் தருவார் என்று நினைத்து வருகிறார்கள். அவர் முதலில் கையில் எடுப்பது தையற்காரர் கழுத்தில் தொங்குமே, அந்த இஞ்ச் டேப்.

அளப்பதில் அவர் கறார். சட்டைக்கு மேல் அளக்க மாட்டார். விலா எலும்பின் கடைசி விளிம்பை விரலால் தேடுவார், பக்கவாட்டில் இடுப்பு எலும்பின் மேல்முனையைத் தேடுவார், இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுவார். வயிற்றை எக்கக் கூடாது. மூச்சை இயல்பாக விட்டு முடிக்கும் நேரத்தில் எண்ணைப் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் முறை இது. “என் பேன்ட் சைஸ் கல்யாணத்துலருந்து 34 தானுங்” என்று சொல்லும் ஆண்களுக்கு இந்த இடத்தில்தான் அதிர்ச்சி. தொப்பை வளர வளர பேன்ட் கீழே இறங்கிக்கொண்டே போகும். வயிற்றுக்கு அடியில் கட்டும் பேன்ட் வயிற்றை அளப்பதில்லை. 34 போடுகிறவருக்கு டேப்பில் 96 சென்டிமீட்டர், அதாவது 38 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வருவது அவர் அறையில் சாதாரணம்.

இந்தியர்களுக்கு வைத்திருக்கும் எல்லை ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அதைவிட எளிய கணக்கு ஒன்றும் உண்டு. வயிற்றுச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். 166 சென்டிமீட்டர் உயரம் உள்ளவருக்கு 83. இரண்டாவது கணக்கைத்தான் வீட்டுக்குப் போய்ச் செய்துபார்க்கச் சொல்கிறார். ஒரு கயிறும் சுவரும் போதும்.

எடை மிஷினில் இவர்கள் யாரும் பிடிபடுவதில்லை. சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2023-ல் வெளியிட்ட ஆய்வில், எடையை உயரத்தோடு ஒப்பிடும் பி.எம்.ஐ. கணக்குப்படி உடல்பருமன் உள்ளவர்கள் 28.6 சதவீதம், வயிற்றுச் சுற்றளவுப்படி பருமன் உள்ளவர்கள் 39.5 சதவீதம். இரண்டுக்கும் இடையே உள்ள அந்தப் பத்துச் சொச்சம் சதவீதத்தைப் பார்த்தபோது, தன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களையே யாரோ எண்ணிச் சொன்னது போல அவருக்குத் தோன்றியது.

ஏன் நமக்கு மட்டும் இப்படி என்று கேட்பவர்களுக்கு அவர் ஒரு புகைப்படத்தைப் பற்றிச் சொல்வதுண்டு. 2004-ல் ‘லான்செட்’ இதழில் புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கினும் அருகருகே நின்று ஒரு படம் வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒரே அளவு, 22.3. டெக்ஸா ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2. உயரத்துக்கேற்ற எடை இருவருக்கும் ஒன்றுதான். ஒருவருக்குத் தசை அதிகம், மற்றவருக்குக் கொழுப்பு. இது பிறவியிலேயே தொடங்குகிறது என்பதையும் யாஜ்னிக் குழு காட்டியிருக்கிறது. புனே கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ; இங்கிலாந்தின் சவுத்தாம்டன் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குக் குறைந்திருந்தது தசையும் வயிற்று உறுப்புகளும். தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை.

ஆக, ஒல்லியான உடம்பில் தொப்பை இருப்பவரிடம் இரண்டு கோளாறுகள் சேர்ந்தே இருக்கின்றன. வயிற்றில் கொழுப்பு கூடுதல், உடம்பு முழுக்கத் தசை குறைவு. வருகிறவர் முதலாவதைத்தான் கண்ணாடியில் பார்க்கிறார். ஆலோசகர் இரண்டாவதைப் பார்க்கிறார். நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து நிற்கச் சொல்வார், பத்துத் தடவை. முப்பத்தெட்டு வயதுக்காரர் ஏழாவது தடவையிலேயே தொடையைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்தால் அவருக்கு விஷயம் புரிந்துவிடும்.

வயிற்றுக் கொழுப்பு என்று மொத்தமாகச் சொன்னாலும் அது இரண்டு இடத்தில் தங்குகிறது. விரலால் கிள்ளினால் வருவது தோலுக்கு அடியில் இருப்பது. கிள்ள முடியாதது, வயிற்றுச் சுவருக்கு உள்ளே குடலையும் ஈரலையும் சுற்றி அடைந்திருப்பது. வயிறு கல் போல் முன்தள்ளியிருந்து, கிள்ளினால் கொஞ்சம்தான் சதை வருகிறது என்றால் உள்கொழுப்பு அதிகம். இந்த உள்கொழுப்பிலிருந்து வெளிவரும் கொழுப்பு அமிலங்களில் பெரும்பங்கு நேராக ஈரலுக்குப் போகும் இரத்தக்குழாயில் கலக்கிறது. ஈரல் கொழுப்பு, சர்க்கரை, டிரைகிளிசரைடு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஏற அதுவும் ஒரு வழி. வெளிக்கொழுப்பை உறிஞ்சி எடுத்தால் என்ன ஆகும் என்று அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் பார்த்தார்கள். 15 பெண்களுக்கு லைபோசக்‌ஷன் செய்து ஆளுக்குப் பத்துக் கிலோ அளவுக்குக் கொழுப்பை எடுத்தார்கள். இடுப்பு குறைந்தது. இன்சுலின் வேலை செய்வதில் மாற்றமில்லை, இரத்தக் கொழுப்பிலும் மாற்றமில்லை. 2004-ல் வெளிவந்த முடிவு இது.

நல்ல செய்தி, உள்கொழுப்புதான் முதலில் கரைகிறது. உணவிலும் உழைப்பிலும் சிறு மாற்றம் வந்தாலே அது அசைந்துகொடுக்கும். கிள்ளுச்சதை பிடிவாதக்காரன். இதைத் தொடக்கத்திலேயே அவர் சொல்லிவிடுகிறார். மூன்று மாதத்தில் இரத்தப் பரிசோதனை நன்றாக வரும், பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே போகும்; தொப்புளுக்குக் கீழே இருக்கும் மடிப்பு அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் இருக்கும்.

கொழுப்பே இல்லாத தொப்பைகளும் அவரிடம் வருகின்றன. காலையில் தட்டையாக இருந்து மாலையில் பலூனாக ஊதும் வயிறு வாயுத் தொல்லை. பிரசவத்துக்குப் பிறகு நடுவயிற்றுத் தசை இரண்டாகப் பிரிந்து சேராமல் இருப்பது இன்னொன்று. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் தூக்கச் சொல்லித் தொப்புளைச் சுற்றி விரல் வைத்துப் பார்ப்பார். இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருந்தால் பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பிவிடுவார். அந்த வயிற்றில் சிட்-அப்ஸ் போட்டால் நடுவில் கூம்பு போல் துருத்தும். பிள்ளை பெற்றவளுக்குப் பழைய சேலையை மடித்து வயிற்றில் கட்டும் வழக்கம் இன்னும் இங்கே இருக்கிறது. முதுகுக்குத் தாங்கலாக இருக்கும் என்பதால் அதை அவர் தடுப்பதில்லை. கொழுப்பு கரையும் என்ற நம்பிக்கையை மட்டும் எடுத்துவிடுகிறார்.

ஒருமுறை பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். கை கால் இளைத்துக்கொண்டே வருகிறது, வயிறு மட்டும் சில வாரங்களில் பெருத்துவிட்டது, கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடுகிறது என்றார். டயட் ஷீட் கொடுங்க கண்ணு என்று மகள் வயதுக்காரியைக் கேட்பது போலக் கேட்டார். ஆலோசகர் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. அன்றே ஸ்கேன் எடுக்க அனுப்பினார். சினைப்பையில் பெரிய கட்டி. திடீரென்று பெருக்கும் வயிறு, எடை குறையும்போதே ஏறும் வயிறு, காலில் வீக்கத்தோடு வரும் வயிறு, இவை உணவு ஆலோசகரின் மேசையில் நிற்க வேண்டியவை அல்ல. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் இதைக் கற்க வேண்டும் என்பதில் அவருக்கு அழுத்தமான கருத்து உண்டு.

சிட்-அப்ஸ் பற்றி அவரிடம் கேட்காதவர்கள் இல்லை. வயிற்றை மடக்கினால் வயிற்றுக் கொழுப்பு கரையும் என்பது இயல்பாகத் தோன்றுகிற எண்ணம். ஃபிராங்க் காட்ச் என்ற ஆராய்ச்சியாளர் 1984-ல் வெளியிட்ட சோதனையில், இளைஞர்கள் 27 நாட்களில் ஆளுக்கு ஐயாயிரம் சிட்-அப்ஸ் போட்டார்கள். வயிறு, முதுகு, பிட்டம் மூன்று இடத்திலும் ஊசி குத்திக் கொழுப்புச் செல்லை எடுத்து அளந்தார்கள். செல்கள் மூன்று இடத்திலும் ஒரே மாதிரிதான் சுருங்கியிருந்தன. வயிற்றில் தனியாக எதுவும் நடக்கவில்லை. அதற்கு முன்பு 1971-லேயே டென்னிஸ் வீரர்களின் இரண்டு கைகளையும் ஒப்பிட்டுப் பார்த்திருந்தார்கள். மட்டை பிடிக்கும் கை தடித்திருந்தது, ஆனால் தோலடிக் கொழுப்பின் கனம் இரண்டு கையிலும் ஒன்றே. கொழுப்பு இரத்தத்தின் வழியாகப் போய் எரிகிறது. எந்தத் தசை கேட்டது என்று பார்த்துப் பக்கத்து இடத்திலிருந்து எடுத்துக் கொடுப்பதில்லை. டி.வி.யில் விற்கும் வயிற்று பெல்ட்டைக் கட்டி வேர்த்தால் போவது தண்ணீர். ஒரு சொம்பு குடித்ததும் திரும்பி வந்துவிடும்.

சிட்-அப்ஸைவிட அதிகமாக அவர் எதிர்ப்பது பட்டினியை. ஒல்லித் தொப்பைக்காரர்களுக்கு இது செய்யும் கெடுதல் பருமனானவர்களுக்குச் செய்வதைவிட அதிகம். ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் இளைஞர், காலையில் க்ரீன் டீ, மதியம் வெள்ளரிக்காய், இரவு ஓட்ஸ் என்று இருந்து ஐந்து கிலோ இறக்கிவிட்டு வந்தார். முகம் வாடி, தோள் சரிந்து, வயிறு ஏறத்தாழ அப்படியே இருந்தது. எடை மிஷின் பாராட்டியது, கண்ணாடி ஏசியது. உடம்புக்குப் புரதமும் வராமல், தசைக்கு வேலையும் இல்லாமல் எடையை மட்டும் இறக்கினால், இறங்குவதில் கணிசமான பங்கு தசை. பிறகு பழைய சாப்பாட்டுக்குத் திரும்பும்போது ஏறுவது பெரும்பாலும் கொழுப்பு.

இதை மனிதர்கள் மீது பார்த்த சோதனை இரண்டாம் உலகப் போர்க் காலத்தது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ், போருக்குப் போக மனசாட்சி இடம் கொடுக்காத 36 இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்தார். எடையில் கால்வாசி போனது. திரும்பச் சாப்பிடத் தொடங்கியதும் தசையைவிடக் கொழுப்பு வேகமாக ஏறி, பழைய அளவையும் தாண்டியது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ‘டயட்’ இருந்து விடுபவர்களின் உடம்பில் சிறிய அளவில் நடப்பதும் இதுவே என்கிறார் அவர். ஒவ்வொரு சுற்றிலும் தசையை விற்றுக் கொழுப்பை வாங்குகிறார்கள்.

எடை அசையாமல் தொப்பை குறையுமா என்றால், குறையும். கனடாவில் கிங்ஸ்டன் நகரின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ராஸ் குழு 2000-ல் வெளியிட்ட ஆய்வை அவர் அச்செடுத்து வைத்திருக்கிறார். பருமனான 52 ஆண்களை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் உணவைக் குறைத்தார்கள். இன்னொரு பிரிவினர் உடற்பயிற்சியால் எடை குறைத்தார்கள். மூன்றாம் பிரிவினர் தினமும் பயிற்சி செய்தார்கள், எரித்த கலோரியைக் கணக்குப் பார்த்துத் திரும்பச் சாப்பிட்டும்விட்டார்கள். நான்காம் பிரிவினர் சும்மா இருந்தார்கள். மூன்று மாதம் கழித்து முதல் இரண்டு பிரிவினருக்கும் ஏழரைக் கிலோ குறைந்திருந்தது. மூன்றாம் பிரிவினருக்கு எடை அப்படியே. ஆனால் வயிற்றின் உள்கொழுப்பு குறைந்திருந்தது. அவர்கள் தினமும் எரித்தது 700 கலோரி, வேக நடைக்கும் மெல்லோட்டத்துக்கும் இடைப்பட்ட உழைப்பு. ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் பேசிக்கொண்டே ஒரு சுற்றுப் போய்விட்டு வாசலில் வடை சாப்பிடும் நடையை இதில் சேர்க்க முடியாது.

இனி சாப்பாடு. அவருடைய நேரத்தில் பெரும்பகுதி இதற்கே போகிறது.

முதல் வாரம் எதையும் மாற்றச் சொல்வதில்லை. சாப்பிட்டதை எல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வரச் சொல்வார், டீ உட்பட. கோவைக்காரர்களின் நோட்டில் தவறாமல் வருவது பேக்கரி. இந்த ஊரில் டீக்கடை என்றாலே பேக்கரிதான். காலை பதினோரு மணிக்கு ஒரு டீ, தேங்காய் பன். மாலை நாலரைக்கு ஒரு டீ, முட்டை பப்ஸ். வீடு திரும்பும் வழியில் தள்ளுவண்டியில் காளான். யாரும் இதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. “நான் மூணு வேளைதானுங் சாப்புடறேன்” என்பார்கள், நோட்டில் ஆறு வேளை இருக்கும். டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 40 கலோரி. நாளைக்கு நாலு டீ என்றால் சர்க்கரை மட்டுமே 160 கலோரி. மைதாவும் வனஸ்பதியும் சேர்ந்த பப்ஸ் தனி.

பிறகு அவர் புரதத்தைக் கூட்டிக் காட்டுவார். 64 கிலோ எடையுள்ள ஒருவரின் சராசரி நாள்: காலையில் நாலு இட்லி, சட்னி, கொஞ்சம் சாம்பார்; மதியம் தட்டு நிறையச் சோறு, சாம்பார், ரசம், பொரியல், மோர்; இரவு மூன்று தோசை. தோராயமாகக் கூட்டினால் 40 கிராமைத் தாண்டத் திணறும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் கிலோவுக்கு 0.83 கிராம் என்ற கணக்கிலேயே இவருக்கு 53 கிராம் வேண்டும். தசையைக் காப்பாற்றிக்கொண்டு வயிற்றைக் குறைக்க வேண்டும் என்றால் 80 கிராம் அளவுக்குப் போக வேண்டும் என்பது ஆலோசகரின் இலக்கு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு இல்லை. அவர்களை மருத்துவரிடம் கேட்டுவரச் சொல்கிறார்.

சோற்றை நிறுத்தச் சொல்வதில்லை. நிறுத்தச் சொன்னால் பத்து நாள் கேட்பார்கள், பதினோராம் நாள் அவர் அறைக்கு வரமாட்டார்கள். அவர் செய்வது தட்டை மாற்றி அடுக்குவது. முதலில் காயும் பருப்பும் தட்டில் விழ வேண்டும், அதற்குப் பிறகு மீதி இடத்தில் சோறு. மூன்று கப் சோறு சாப்பிட்டவர் ஒன்றரைக்கு வருவார். அதிலேயே சுமார் 300 கலோரி குறைகிறது. குறைந்த இடத்தில் கொள்ளுப் பருப்பு, முட்டை, மீன், தயிர் ஏறுகிறது. நாளின் மொத்தக் கலோரியில் 200 அல்லது 250 மட்டும் குறைந்தால் போதும் என்பது அவர் கணக்கு. அதற்கு மேல் குறைத்தால் இந்த உடம்புக்குத் தாங்காது.

கொங்குச் சமையலில் கொள்ளு இருப்பது அவருக்கு வேலையை எளிதாக்குகிறது. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்கள் பாதிப் பேர் கொள்ளு ரசம் வைத்துத் தெளிவை மட்டும் குடித்துவிட்டு, வெந்த கொள்ளை மாட்டுக்கு வைத்துவிடுகிறார்கள். நூறு கிராம் கொள்ளில் 22 கிராம் அளவுக்குப் புரதமும் நிறைய நார்ச்சத்தும் இருக்கிறது. அது கொள்ளில்தான் இருக்கிறது, தெளிவில் இல்லை. கடைந்த கொள்ளுப் பருப்பாகவோ முளைகட்டிச் சுண்டலாகவோ சாப்பிட்டால்தான் பலன். கொழுப்பைக் கரைக்கும் தனி மந்திரம் எதுவும் கொள்ளிடம் இல்லை. வயிறு சீக்கிரம் நிறைகிறது, நிறைந்தது நெடுநேரம் தாங்குகிறது, பப்ஸ் நினைவுக்கு வருவது குறைகிறது.

அசைவம் சாப்பிடுகிறவருக்கு 80 கிராமை எட்டுவது எளிது. இரண்டு முட்டையில் 12, நூறு கிராம் மீனில் அல்லது கோழியில் 20 வந்துவிடும். சைவர்களுக்கு ஒவ்வொரு வேளையும் திட்டமிட வேண்டும். காலை இட்லியை இரண்டாகக் குறைத்து அதோடு ஒரு கிண்ணம் சுண்டல், பச்சைப்பயறு அடை, மாலையில் பன்னுக்குப் பதில் ஒரு கைப்பிடி வேகவைத்த நிலக்கடலை, இரவில் 50 கிராம் பனீர் அல்லது 25 கிராம் மீல்மேக்கர். நிலக்கடலையில் கை தாராளம் காட்டக் கூடாது, அதில் எண்ணெயும் நிறைய. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களிடம் சோற்றை ஒரே நாளில் பாதியாக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறார். மருந்தின் அளவை மாற்றாமல் சோறு குறைந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி ஆளைச் சாய்த்துவிடும்.

ஆண்களின் நோட்டில் எழுதப்படாத ஒரு வரி உண்டு. அதை அவர் நேராகவே கேட்கிறார், திட்டுவதற்காக அல்ல என்று சொல்லிவிட்டு. ஒரு குவார்ட்டர், 180 மில்லி, அதிலுள்ள சாராயம் மட்டும் 400 கலோரிக்கு மேல். கூடவே வறுத்த கடலை, சில்லி சிக்கன், பதினோரு மணிக்குப் பரோட்டா. வாரத்துக்கு மூன்று நாள் இப்படி என்றால் மற்ற நான்கு நாள் கொள்ளு சாப்பிட்டும் டேப் அசையாது. குடியை விட்ட மாதத்திலேயே இரண்டு சென்டிமீட்டர் இறங்கியவர்களை அவர் பார்த்திருக்கிறார்.

சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டால் பாதி வேலைதான் ஆகும். மருத்துவமனையில் டயட் ஷீட் எழுதிக்கொண்டிருந்த காலத்திலேயே அவர் கவனித்தது இது. சோற்றைக் குறைத்தவர்களுக்கு எடையும் வயிறும் சேர்ந்தே இறங்கின. பளு தூக்கியவர்களுக்கு எடை நின்று வயிறு மட்டும் இறங்கியது. அதனால் தானும் ஒரு பயிற்சியாளரிடம் போய்ப் பளு தூக்கக் கற்றார். இப்போது அவர் அறையின் ஒரு மூலையில் டம்பெல்லும், மணல் நிரப்பிய பைகளும், ஒரு சோடி கர்லாக்கட்டையும் இருக்கின்றன.

கற்றுத்தருவது அதிகமில்லை. பஸ்கி, தண்டால், தரையிலிருந்து மூட்டையைத் தூக்குவது, கனத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பது, ஒரு இழுப்புப் பயிற்சி. தண்டால் முடியாதவர்கள் சுவரில் கை வைத்துத் தொடங்குகிறார்கள், பிறகு மேசை விளிம்பு, பிறகு தரை. வீட்டில் செய்ய ஐந்து கிலோ அரிசிப் பை போதும். பலம் வந்தவர்களுக்கு இருபது லிட்டர் தண்ணீர் கேன் இருபது கிலோ. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் முக்கால் மணி நேரம். முக்கியமான விதி ஒன்றே: போன மாதம் தூக்கியதைவிட இந்த மாதம் கொஞ்சமாவது கூடுதலாகத் தூக்க வேண்டும். பல வருடமாக இரண்டு கிலோ டம்பெல்லையே ஆட்டிக்கொண்டிருப்பவருக்குத் தசை வளரக் காரணம் எதுவும் இல்லை.

“கை தடிச்சு ஆம்பளை மாதிரி ஆயிறாதா அக்கா?” என்று இளம்பெண்கள் கேட்கிறார்கள். பெண்ணின் உடம்பில் அதற்கான ஹார்மோன் ஆணைவிடப் பல மடங்கு குறைவு. ஒரு கிலோ தசை சேர்க்கவே மாதக்கணக்கில் பாடுபட வேண்டும் என்று விளக்குகிறார். சேரும் அந்த ஒரு கிலோதான் எடை மிஷினைக் குழப்பும். கொழுப்பு இரண்டு கிலோ போய், தசை ஒரு கிலோ வந்தால் மிஷின் ஒரு கிலோ குறைந்ததாகத்தான் சொல்லும். புரதமும் கடும் பயிற்சியும் சேர்ந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2016-ல் ஒரு எல்லையைக் காட்டியது. 40 இளைஞர்களுக்கு நான்கு வாரம் கலோரியைப் பெருமளவு குறைத்து, வாரத்தில் ஆறு நாள் பிழிந்தெடுத்தார்கள். கிலோவுக்கு 2.4 கிராம் புரதம் சாப்பிட்டவர்களுக்கு 4.8 கிலோ கொழுப்பு குறைந்து, தசை முதலான கொழுப்பற்ற எடை 1.2 கிலோ ஏறியது. அதில் பாதிப் புரதம் சாப்பிட்டவர்களுக்குக் கொழுப்பு 3.5 கிலோ குறைந்தது, மற்றது ஏறவில்லை. குடும்பமும் வேலையும் உள்ள நாற்பது வயதுக்காரருக்கு அந்த வேகம் கூடாது. திசை மட்டும் அதுவே.

தூக்கத்தைப் பற்றி அவர் கடைசியில்தான் பேசுகிறார், ஆனால் மில் ஷிப்டில் இருப்பவர்களிடமும் அமெரிக்க நேரத்துக்கு வேலை செய்பவர்களிடமும் முதலில் பேசுகிறார். மேயோ கிளினிக் 2022-ல் வெளியிட்ட சோதனையில், பருமனில்லாத 12 பேரை இரண்டு வாரம் நாளுக்கு நான்கு மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டார்கள். அவர்கள் நாளுக்கு 300 கலோரிக்கு மேல் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். எடை அரைக் கிலோ அளவுக்குத்தான் ஏறியது. சி.டி. ஸ்கேனில் உள்கொழுப்பு 11 சதவீதம் ஏறியிருந்தது. ஷிப்டை மாற்ற அவரால் முடியாது. நைட் ஷிப்ட் முடித்து வருபவர் பகலில் இருட்டறையில் ஆறு ஏழு மணி நேரம் தொடர்ந்து தூங்க வீட்டார் விடுகிறார்களா என்பதை விசாரிக்க முடியும், தேவைப்பட்டால் மனைவியையோ அம்மாவையோ கூட்டிவரச் சொல்லிப் பேச முடியும். பேசுகிறார்.

ஒரு ஜவுளிக்கடை மேலாளரின் கணக்கு அவர் வழக்கமாகக் காட்டுவது. 42 வயது, 68 கிலோ, வயிறு 97 சென்டிமீட்டர். முதல் மாதம் டேப் மூன்று சென்டிமீட்டர் இறங்கியது. அதில் பாதி, மாலைப் பேக்கரி நின்றதால் வயிற்று உப்பல் அடங்கியது என்று ஆலோசகரே சொல்லிவிட்டார். இரண்டாம், மூன்றாம் மாதம் எதுவுமே அசையவில்லை. மேலாளர் சோர்ந்து, மிச்சமிருக்கும் சோற்றையும் நிறுத்திவிடட்டுமா என்று கேட்டார். ஆலோசகர் மறுத்து, பஸ்கியின் எடையைக் கூட்டினார், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடைக்குள்ளேயே பத்து நிமிடம் நடக்கச் சொன்னார். தீபாவளி விற்பனை நேரத்தில் இரண்டும் விட்டுப்போய், பொங்கலுக்குப் பிறகு மறுபடி தொடங்கின. பத்து மாத முடிவில் 66 கிலோ, 90 சென்டிமீட்டர். டிரைகிளிசரைடு எல்லைக்குள் வந்திருந்தது. கன்னம் ஒட்டவில்லை.

எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாற்றத்தால் கொழுப்பு தொடையிலிருந்து வயிற்றுப் பக்கம் திரும்புகிறது, இறங்குவதும் மெதுவாகத்தான். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு ஒரு வருட முடிவில் சுற்றளவு நான்கு சென்டிமீட்டர் குறைந்து 84-ல் நின்றுவிட்டது. சர்க்கரை எல்லைக்குள் வந்தது, மூட்டுவலி குறைந்தது, தொப்புளுக்குக் கீழ் மடிப்பு மட்டும் இருக்கிறது. அதையும் எடுக்க இன்னும் சோற்றைக் குறைக்கலாமா என்று கேட்டார். அந்த வயதில் உணவை மேலும் குறைத்தால் தசையும் எலும்பும்தான் விலை கொடுக்கும் என்று ஆலோசகர் மறுத்துவிட்டார். சாப்பாட்டு நோட்டை மூடச் சொல்லி, மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் டேப்பை மட்டும் எடுக்கச் சொல்லியிருக்கிறார். இரண்டு சென்டிமீட்டர் ஏறினால் நோட்டை மறுபடி திறக்க வேண்டும். ஆசிரியை இப்போது பன்னிரண்டு கிலோ மணல் பையைத் தரையிலிருந்து தூக்குகிறார். அடுத்த மாதம் அதில் இன்னும் மூன்று கிலோ மணல் சேரும்.